ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த இங்கிலாந்து

அசுபோனி ஊர்க்காரர்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை நர்ஸ் டூஃபியை மூன்று முறை வெளிநாட்டுக்கு வழியனுப்பி வைத்தார்கள். மூன்று முறையும் சபையில் நன்றிக் கூட்டம், புதுத் துணியில் தைத்த உடுப்பு, ஜோலோஃப் சோறு, ஆட்டுக்கறி, அழுகை எதற்கும் குறைவில்லை. டூஃபி போகவில்லை என்பது ஒன்றுதான் குறை.

முதல் முறை இங்கிலாந்து. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷில் படித்து, இங்கிலீஷில் பரீட்சை எழுதி, இங்கிலீஷில் கேஸ் எழுதிப் பழகியவள் டூஃபி. யாரையாவது திட்டும்போது மட்டும்தான் ட்வி மொழிக்கு வருவாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று இங்கிலாந்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலைநகர் அக்ராவில் ஒரு ஏ.சி. அறையில் உட்காரவைத்து, அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் வாங்கலாமா கூடாதா என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். டூஃபி ஜென்மத்தில் அருங்காட்சியகம் பார்த்ததில்லை. அரை மதிப்பெண் குறைந்துபோயிற்று. அரை மதிப்பெண் இங்கிலீஷ் குறைந்தால் அந்த நாட்டுக் குழந்தைகளுக்கு மூச்சு முட்டிவிடும் போலிருக்கிறது.

ஆனால் பரீட்சை முடிவு வருவதற்குள் நாங்கள் வழியனுப்பி முடித்திருந்தோம். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். விசுவாசம் முன்னால் போகவேண்டும், காகிதம் தானாகப் பின்னால் வரும் என்பார் பாஸ்டர் அம்பாடு. அவருடைய விசுவாசம் நல்ல வேகமாக நடக்கும். காகிதங்களுக்குத்தான் கால் வலி.

இரண்டாம் முறை வளைகுடா. அந்த நாட்டுக்காரர்கள் இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்படவில்லை, முத்திரையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். டூஃபியின் சான்றிதழ் உண்மை என்று ஒரு அலுவலகம் முத்திரை குத்த, அந்த முத்திரை உண்மை என்று இன்னொரு அலுவலகம் குத்த, அதை மூன்றாவது அலுவலகம் சந்தேகப்பட, கடைசி முத்திரை காய்வதற்குள் அங்கே சட்டம் மாறிவிட்டது. மூன்றாம் முறை மறுபடி இங்கிலாந்து. இங்கிலீஷ் தேறிவிட்டது, விசா வந்துவிட்டது, டூஃபி பெட்டியோடு அக்ரா விமான நிலையத்துக்கே போய்விட்டாள். வரிசையில் நிற்கும்போது போனில் செய்தி வந்தது. அந்த ஆஸ்பத்திரி வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறதாம், சிரமத்துக்கு வருந்துகிறதாம்.

டூஃபி கழிப்பறைக்குள் போய் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, எங்கே போவது என்று யோசித்தாள். ஊருக்கா? எந்த முகத்தோடு? முதல் முறை திரும்பியபோது, "என்ன டூஃபி, ப்ளேன் பஞ்சரா?" என்று கேட்டார்கள். இரண்டாம் முறை ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்கள். அது இன்னும் மோசம். இந்த முறை மாதர் சங்கத் தலைவி அச்சியா அம்மா தன் துணிக்கடையிலிருந்து ஒரு கட்டுத் துணியை இறக்கி, சங்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி தைத்துக் கொடுத்து, விமானச் சத்தம் மாதிரியே பாட வைத்திருந்தாள். அந்தப் பெண்களுக்கு முன்னால் மறுபடி போய் நிற்பதற்கு, ரன்வேயில் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது டூஃபிக்கு.

ஒரு ட்ரோட்ரோ வேன் பிடித்து, இருட்டும் நேரத்தில் ஊர் எல்லையிலேயே இறங்கி, வாழைத்தோட்டத்து வழியாக ஆஸ்பத்திரியின் பின்கதவுக்கு வந்தாள். அவளோடு வேலை பார்த்த மான்சாதான் கதவைத் திறந்தாள்.

"நீ இப்போ வானத்துல இல்ல இருக்கணும்?"

"கதவை மூடுடி முதல்ல."

வாடகை வீட்டை ஏற்கெனவே காலி செய்திருந்ததால், பச்சிளங்குழந்தை வார்டுக்குப் பின்னால் பழைய மருந்து அறையை ஒழித்துக் கொடுத்தார் மேட்ரன். அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒரு கை குறையாமல் கிடைத்ததே. மறுநாளிலிருந்து டூஃபி மாஸ்க்கும் தொப்பியும் போட்டு, மான்சாவின் பழைய பெயர் அட்டையைக் குத்திக்கொண்டு வேலை பார்த்தாள். தாய்மார்கள் ஒல்லி மான்சா, குண்டு மான்சா என்று பிரித்துக் கூப்பிட்டார்கள். டூஃபி குண்டு மான்சா. அதையும் பொறுத்துக்கொண்டாள்.

இவ்வளவு அவமானப்பட்டும் ஏன் போக ஆசை என்று கேட்பீர்கள். அந்த வார்டை ஒரு முறை பார்த்தால் கேட்கமாட்டீர்கள். மூன்று இன்குபேட்டர்களில் ஒன்று பஞ்சு வைக்கும் அலமாரி ஆகி வெகுநாளாயிற்று. மற்ற இரண்டில் ஒவ்வொன்றிலும் இரண்டு குழந்தைகள், தலைமாடு கால்மாடாக. மின்சாரம் போனால் ஆளுக்கொரு குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நடக்கவேண்டும். நாட்டில் நர்ஸ் போதவில்லை என்று ரேடியோவில் புலம்பிக்கொண்டிருந்த வருடங்களில், படித்து முடித்த டூஃபி வேலை உத்தரவு வராமல் பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். காப்பாற்ற முடிந்த குழந்தை ஆக்சிஜன் சிலிண்டர் வராததால் போனால், அதைத் துணியில் சுற்றித் தாயிடம் கொடுப்பவளும் அவள்தான். சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் ஓர் அறையில் ஒரு முறையாவது வேலை பார்க்கவேண்டும் என்பது அவளுக்குப் பசி மாதிரி இருந்தது. அதனால் அந்தப் பழைய மருந்து அறையில் உட்கார்ந்துகொண்டே நான்காம் முறையாக விண்ணப்பம் போட்டாள்.

ஊரைப் பொறுத்தவரை அவள் இங்கிலாந்தில்தான் இருந்தாள். பாஸ்டர் ஞாயிறுதோறும் சாட்சி சொன்னார். "மூன்று முறை முழங்காலில் நின்றோம், நம் மகள் பறந்தாள்!" சபை கைதட்டியது. டூஃபிக்கு ஜன்னல் வழியாக அது நன்றாகக் கேட்டது.

இப்படி மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, அச்சியா அம்மாவின் மகள் நியார்கோவுக்கு நாள் நிறைவதற்கு ரொம்ப முன்னாலேயே வலி கண்டுவிட்டது. ஆபரேஷன். பெண் குழந்தை. ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவு இருந்தது. நியார்கோ காய்ச்சலில் கிடந்தாள், இன்குபேட்டரில் இடமில்லை. குழந்தையை யாராவது வெறும் நெஞ்சில் கட்டிச் சூடு கொடுத்தாகவேண்டும். இருந்த ஒரே நெஞ்சு அச்சியா அம்மாவுடையது.

டூஃபி குரலைத் தடித்தாக்கிக்கொண்டு, "மேல் துணியைக் கழட்டுங்கம்மா," என்றாள்.

"என்னது? நான் யாருன்னு தெரியுமா உனக்கு? மாதர் சங்கத் தலைவி!"

"குழந்தைக்கு அது தெரியாதும்மா. கழட்டுங்க."

அச்சியா அம்மா முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். தவளை மாதிரி கை கால் மடக்கிய குழந்தையை அவள் மார்புக்கு நடுவில் வைத்து, காது அவள் இதயத்தின் மேல் படும்படி தலையைத் திருப்பி, துணியால் இறுக்கிக் கட்டினாள் டூஃபி. குழந்தையின் நீலம் பாய்ந்த கால்கள் கொஞ்ச நேரத்தில் சிவந்தன. அச்சியா அம்மா வாயை மட்டும் மூடவில்லை. மறுநாளும் மூடவில்லை, அதற்கு மறுநாளும் மூடவில்லை.

"எங்க டூஃபி இருந்திருந்தா என்னை இந்தப் பாடு படுத்துவாளா? கை பட்டா பூ மாதிரி இருக்கும். நீ கட்டுற கட்டு மூட்டை கட்டுற மாதிரி இருக்கு, குண்டு மான்சா. அவ இப்போ லண்டன்ல ராஜா வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கா."

"அப்படியாம்மா," என்றாள் டூஃபி, மாஸ்க்குக்குள்.

"இந்தக் குழந்தை பொழைச்சா அவ பேரைத்தான் வைப்பேன். புதன்கிழமை பொறந்தவளாச்சே, அகுவா டூஃபி. பேர் வைக்கிற அன்னைக்கு அவ லண்டன்லேருந்து வீடியோவுல வந்து ஆசீர்வாதம் பண்ணியே ஆகணும். நம்பர் என்கிட்ட இருக்கு."

டூஃபி, ஏற்கெனவே கழுவிய பால் புகட்டும் குழாயை எடுத்து மறுபடி கழுவினாள்.

குழந்தை பிழைத்தது. வாரக் கணக்கில் அச்சியா அம்மாவின் நெஞ்சில் ஒட்டிக்கிடந்து, ரொட்டிப் பொட்டலக் கனத்திலிருந்து கோழிக் கனத்துக்கு வந்து, கடைசியில் வீட்டுக்குப் போகும் தகுதிக்கு வந்தது. பால் குடிக்கும்போது இன்னும் சில சமயம் மூச்சுவிட மறந்துவிடும், வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்று குண்டு மான்சா படித்துப் படித்துச் சொன்னாள். அச்சியா அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பேர் வைக்கும் சடங்கு எட்டாம் நாளில் நடந்திருக்கவேண்டியது, ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டது, இனி ஒரு நாளும் பொறுக்கமுடியாது என்று வந்த சனிக்கிழமையே வைத்துவிட்டாள்.

அதற்கு முந்தின நாள்தான் டூஃபிக்கு விசா வந்தது. வேறொரு ஆஸ்பத்திரி, இதுவும் இங்கிலாந்தில். அடுத்த வெள்ளிக்கிழமை விமானம். மான்சாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. வீடியோவில் ஒரே ஒரு பொய் சொல்லவேண்டும், ஒரு வாரத்தில் அதுவே உண்மையாகிவிடும் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டினாள். செத்த வெள்ளைக்காரன் துணி என்று நாங்கள் சொல்லும் பழைய வெளிநாட்டுத் துணிகளை விற்கும் கடையில் முன்பு வாங்கிவைத்த குளிர்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டாள். பாஸ்போர்ட் அதன் உள்பையிலேயே இருந்தது. அது மார்ச் மாதம். எங்கள் ஊர் மார்ச் மாதத்தில் தகர நாற்காலியில் உட்கார முடியாது.

போன் அடித்தது. திரையில் அச்சியா அம்மாவின் முற்றம் தெரிந்தது. வெள்ளையும் நீலமுமாகச் சங்கத்துப் பெண்கள், பாஸ்டர், நடுவில் குழந்தையை மடியில் வைத்த நியார்கோ, பக்கத்தில் தகப்பன் வீட்டுப் பெரியவர் ஒபிரி.

"டூஃபி! எப்படியிருக்கே? குளிரா?"

"பயங்கரக் குளிர் அச்சியாம்மா," என்றாள் டூஃபி. வேர்வை அவள் மூக்கு நுனியிலிருந்து கோட்டின் மேல் சொட்டியது.

"முகமெல்லாம் ஈரமா இருக்கே?"

"பனி."

அப்போது ஒரு சேவல் கூவியது. டூஃபியின் ஜன்னலடியில் நின்று, நெஞ்சு வெடிக்கக் கூவியது. முற்றத்தில் எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமி, "அங்கேயும் ஆண்டவர் கோழிகளைப் படைத்திருக்கிறார்," என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அடுத்ததாக பஸ் ஸ்டாண்டில் பிரசங்கம் செய்கிறவன் ஒலிபெருக்கியை முடுக்கினான். "பாவிகளே!" என்று அவன் கத்தியது முற்றத்தில் ஒரு தடவை கேட்டது, இங்கிலாந்திலிருந்து இன்னொரு தடவை கேட்டது. சங்கத்துப் பெண்கள் மிகுந்த மரியாதையோடு வானத்தைப் பார்த்தார்கள்.

பெரியவர் ஒபிரி சடங்கை ஆரம்பித்தார். தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், சாராயத்தைச் சாராயம் என்று சொல் என்று குழந்தையின் நாக்கில் துளி துளியாக வைப்பார்கள். பொய் சொல்லாமல் வளரவேண்டும் என்பதற்காகச் செய்வது. அத்தனை பேரும் சேர்ந்து அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்த முற்றத்தில் அது நடந்தது. விரலைத் தொட்டு வைத்தால் போதும். ஆனால் பெரியவருக்குக் கை நடுக்கம், அதோடு சாராயத்தை முன்கூட்டியே சோதித்தும் பார்த்திருந்தார். தண்ணீர்க் கரண்டியையே குழந்தையின் வாயில் கவிழ்த்தார்.

"ஊத்தாதீங்க!" என்று டூஃபி கத்தினாள்.

குழந்தைக்கு ஒரு தடவை புரையேறியது. பிறகு சத்தமில்லை. உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம் பரவுவது அந்தச் சின்னத் திரையிலேயே அவளுக்குத் தெரிந்தது. "கவிழ்த்துப் பிடிங்க! முதுகைத் தேய்ங்க!" என்று கத்தினாள். நியார்கோ அலறினாள், யாரோ போனைத் தட்டிவிட்டார்கள், திரையில் வெறும் வானம் தெரிந்தது.

டூஃபி எதையும் யோசிக்கவில்லை. கோட்டோடு ஓடினாள். பின்கதவு, பள்ளிக்கூட மைதானம், கென்கே என்ற மக்காச்சோள உருண்டை விற்கும் பெண்களின் அடுப்புகள் என்று எல்லாவற்றையும் தாண்டி, முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டில் ஒரு பெண் ஓடுவதை ஊரே பார்த்தது. முற்றத்துக்குள் பாய்ந்து, பெரியவரைத் தள்ளி, குழந்தையைப் பிடுங்கி, முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். தண்ணீர் வெளியே வந்தது. மூச்சு வரவில்லை. திருப்பிப் போட்டு, அந்தச் சின்ன மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, கன்னத்தில் இருந்த காற்றை மட்டும் ஊதினாள். மறுபடி ஊதினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். "அழுடி," என்றாள், "என் பேரை வெச்சுக்கிட்டு என் கண் முன்னால போவியா? அழு!"

குழந்தை அழுதது. பூனைக்குட்டிச் சத்தம்தான். அதைக் கேட்டு டூஃபியும் உட்கார்ந்து அழுதாள்.

பிறகுதான் முற்றத்தில் எல்லாருக்கும் இங்கிலாந்து ஞாபகம் வந்தது. யார் முதலில் வாயைத் திறப்பது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாஸ்டர் அம்பாடு இரண்டு கைகளையும் தூக்கினார்.

"அல்லேலூயா! கூப்பிட்டோம், கடல் தாண்டி வந்தாள்! எவ்வளவு வேகமான விமானம்!"

"ஆமென்!" என்றது கூட்டம். அந்த நிம்மதியில் சிலர் பாடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அச்சியா அம்மா டூஃபியைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைக் கழற்றிவிட்டாள். துணியால் அவள் கழுத்தைத் துடைத்தாள்.

"நீங்க திட்டுங்க அச்சியாம்மா. நான் பொய் சொன்னேன்."

"போடி பைத்தியம். நீ வந்த ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும். உன் உள்பாவாடை என் கடையில வாங்கினது, வார்டுக்குப் பின்னால கொடியில காயுது. எனக்குத் தெரியாதா?"

"அப்போ வார்டுல என்னை அவ்வளவு பேசினது?"

"பின்னே? மேல் துணியைக் கழட்டச் சொன்னியே!" அச்சியா அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஊருக்கே தெரியும் டூஃபி. நான்தான் எல்லார் வாயையும் அடைச்சேன். போகலைன்னு தெரிஞ்சதா காட்டினா உனக்கு ரோஷம் வரும். ரோஷம் வந்தா நிஜமாவே போயிடுவே. அவ பாட்டுக்கு லண்டன்ல இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலயே இருக்கட்டும்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பாட்டுப் பாடி உன்னை அனுப்பிட்டு வீட்டுக்கு வந்து, இனிமே நம்ம பிள்ளைகளுக்கு யாருன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவ நான்."

மூன்று முறை பாடி அனுப்பியவர்களில் ஒருத்திகூட, போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் பொறாமை என்பார்கள்.

"அச்சியாம்மா, நான் வெள்ளிக்கிழமை போறேன்."

"எங்கே?"

"இங்கிலாந்துக்கு. நிஜமா."

அச்சியா அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அடுப்படி அதிரச் சிரித்தாள். முற்றத்துப் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? டூஃபி வெள்ளிக்கிழமை லண்டன் போறாளாம்!" என்று கத்தினாள். முற்றமும் சிரித்தது. "போயிட்டு வா, போயிட்டு வா! இந்தத் தடவை சேவலைக் கொன்னுட்டுப் போன் பண்ணு!" என்றார் பெரியவர் ஒபிரி.

டூஃபியும் சிரித்தாள். கோட்டின் உள்பையில் பாஸ்போர்ட் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அந்தச் சிரிப்பு முகங்களுக்கு முன்னால் எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை போனாள். நன்றிக் கூட்டமில்லை, புதுத் துணியில்லை. பஸ் ஸ்டாண்டு வரை மான்சா மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊர் அவளை வழியனுப்பாத ஒரே முறை அதுதான், அவள் போய்ச் சேர்ந்த ஒரே முறையும் அதுதான்.

இங்கிலாந்தில் மறுபடி பரீட்சை என்று ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கட்டிலில் படுக்கவைத்து, அதனிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, அதன் பெயரைக் கேட்டு, நாடி பார்க்க அனுமதி வாங்கச் சொன்னார்கள். பொம்மை அனுமதி கொடுத்தது. டூஃபி தேறினாள். பச்சிளங்குழந்தை வார்டில் இப்போதைக்கு இடமில்லை என்று முதியோர் வார்டில் போட்டார்கள். அங்கே சுவரிலேயே ஆக்சிஜன் வந்தது, திருகினால் போதும். தொண்ணூறு வயதுக்காரர் ஒருவருக்கு அதைத் திருகிவிட்ட முதல் நாள், அவள் கொஞ்ச நேரம் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஏப்ரல் மாதத்திலும் குளிர் விடாத ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அடித்தது. திரையில் அச்சியா அம்மா. நெஞ்சில் துணி கட்டியிருந்தாள். துணிக்குள்ளிருந்து கரகரவென்று மூச்சுச் சத்தம் வந்தது.

"டூஃபி, குழந்தைக்கு ராத்திரியிலேருந்து சளி. நெஞ்சு உள்ளே இழுக்குது. பின்கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்குது, ஏன் திறக்க மாட்டேங்கிறே?"

"அச்சியாம்மா, நான் அங்கே இல்லை. முன்வாசலுக்குப் போங்க. உள்ளே மான்சா இருப்பா, இப்பவே போங்க, நிக்காதீங்க."

"பின்னால வெள்ளையா என்னது? போர்வையை நல்லாத்தான் கட்டியிருக்கே. விளையாட்டெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்டி."

"அது பனி அச்சியாம்மா. நிஜப் பனி."

"சரி, பனி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்," என்றாள் அச்சியா அம்மா, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே. "நீ ஓடி வந்து கதவைத் திற. ரெண்டு எட்டுதானே."